இரண்டாவது கணினிக்கு எந்தப் புரொசெசர்?

தட்டச்சுக் கடை நடத்தும் சகோதரிகள், உள்ள கணினி பழுதானால் அன்றைய வருமானமே நின்றுவிடும் என்பதால், பாவித்த கணினி ஒன்றை மேலதிகமாக வாங்கி வைக்க விரும்புகிறார்கள். சீட்டுக் காசில் வாங்கும் பொருள். கேட்டறிந்து வாங்குவதில் வெட்கமில்லை.

"ஐ3ஐ விட ஐ5 திறம்" என்பார் கடைக்காரர். ஒரே தலைமுறைக்குள்தான் அது பொருந்தும். பெயரின் பின்னுள்ள நான்கு இலக்கங்களில் பொதுவாக முதலாவதே தலைமுறை. ஐந்து இலக்கமாயின் முதல் இரண்டு. 2012இல் வந்த ஐ5-3470 மூன்றாம் தலைமுறை. 2017இல் வந்த ஐ3-8100 எட்டாம் தலைமுறை. இரண்டிலும் நான்கு கோர்களே. ஆயினும் ஐ3-8100 தான் வேகம் கூடியது.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு, இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அதைவிடப் பழையதில் இலவச லினக்ஸ் பாவிக்கலாம். உங்கள் தமிழ்த் தட்டச்சு அதில் இயங்குகிறதா என முதலில் பாருங்கள்.

ஐ3-9100எஃப் போல 'எஃப்' எழுத்தில் முடிந்தால் உள்ளே கிரபிக்ஸ் இல்லை. தனிக் கார்ட்டுக்கும் செலவாகும்.

கணினியை இயக்கச் சொல்லி, புரொசெசர் இலக்கத்தைத் திரையில் நீங்களே வாசியுங்கள். அதே இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்த பின்னரே காசைக் கொடுங்கள்.