கூண்டு வண்டிப் பந்தயம்: வகைகளும் ஓடுதற்குரிய இடங்களும்

கூண்டு வண்டி என்றதும் நம் கிராமத்துப் பெரியவர்களின் நினைவுக்கு வருவது, மூங்கிற் பிளாச்சுகளை வளைத்துப் பாய் வேய்ந்த மாட்டு வண்டியே. உள்ளே அமர்ந்திருப்போரை வெயிலும் மழையும் தாக்காதபடி காப்பதற்கென்று அக்கூண்டு அமைந்தது. இன்று இளைஞர்கள் பேசும் கூண்டு வண்டி வேறு. அது எஞ்சின் பொருத்திய சிறு பந்தய வண்டி. அதன் கூண்டு எஃகுக் குழாய்களால் ஆனது. வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தாலும் ஓட்டுபவரின் தலை தரையில் மோதாமற் காப்பதே அதன் வேலை.

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்த ஊர் பீர்க்கன்கரணை. பேரூராட்சியாக இருந்த இவ்வூர், 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. இவ்வூரைச் சுற்றிலும் பொறியியற் கல்லூரிகள் பல உள்ளன. குரோம்பேட்டையில் 1949-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற எம்.ஐ.டி. கல்லூரி, ஆரம்ப காலம் முதலே மோட்டார் வாகனப் பொறியியலைக் கற்பித்து வருகிறது. இத்தகைய கல்லூரிகளிற் பயிலும் மாணவர்கள் தங்கள் கைகளாலேயே சிறு வண்டிகளைக் கட்டுகின்றனர். கட்டி முடித்ததும் எழும் கேள்வி, "இதை எங்கே ஓட்டுவது?" என்பதாகும். அப்போது அவர்களுடைய பார்வை கோடையில் வறண்ட ஏரியின் மீதும், ஊர்ப் புறம்போக்கின் மீதும், இரவில் வெறிச்சோடிய சாலையின் மீதும் விழுகிறது. புறநகர்க்கு அப்பாலுள்ள பஞ்சாயத்துகளுக்கு இத்தகைய விண்ணப்பம் வருமாயின், அங்கத்தினர்கள் என்ன விடை கூறுவது? இதனை அறிவதற்கு முதலில் வண்டியைப் பற்றி அறிய வேண்டும்.

கூண்டில்லாத வண்டி

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் யந்திரத்தின் எஞ்சினைக் கொண்டு ஒரு சிறு வண்டியைக் கட்டினார். அதுவே 'கோ-கார்ட்' எனப்படும் வண்டிகளுக்கு மூலம். குழாய்ச் சட்டம், நான்கு சிறு சக்கரங்கள், ஒரு இருக்கை, ஒரு எஞ்சின் ஆகிய இவையே அதன் உறுப்புகள். வில்லும் சுருளும் கிடையா. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டு ஒன்றாகவே சுழலும்.

இவ்வண்டி தரையோடு தரையாக ஓடுவது. ஆகவே எளிதிற் கவிழாது. கவிழ்ந்தால் ஓட்டுபவர் வெளியே வீசப்படுவார். கூண்டு இல்லாத வண்டியில் அவரை இருக்கையோடு கட்டிவைத்தால் வண்டியின் அடியில் நசுங்க நேரிடும். ஆதலால் திறந்த வண்டியில் இடைக்கச்சுக் கட்டுவதில்லை. மழமழப்பான தார்த் தடமே இதற்கு ஏற்றது. மேடுபள்ளமான மண் தரையில் ஓட்டினால் அடிச்சட்டம் தரையில் மோதி வண்டி தடுமாறும்.

கூண்டுடைய வண்டிகள்

மண் தடத்தில் ஓட்டவும், மோதலும் கவிழ்தலும் மிகுந்த பந்தயங்களில் கலந்துகொள்ளவும் கூண்டுடைய வண்டிகள் தோன்றின. அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

1. கால் மிட்ஜெட். அமெரிக்காவில் 1930-களிற் பிறந்த சிறுவர் வண்டி. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகள் ஓட்டுவது. ஏறத்தாழ எண்பது மீட்டர் சுற்றளவுள்ள முட்டை வடிவத் தடத்தில் ஓடும். இதற்குக் கூண்டும் வில்லும் உண்டு.

2. சேம்ப் கார்ட். சாதாரண கார்ட் சட்டத்தின்மேற் கூண்டு அமைத்து, ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பொருத்திய வண்டி. களிமண் தடங்களில் ஓடுவது.

3. அவுட்லா கார்ட். வடகலிபோர்னியாவிற் புகழ்பெற்றது. மோட்டார் சைக்கிள் எஞ்சினும், கூண்டின்மேல் அகன்ற தகட்டு இறக்கையும் உடையது. ஓடும்போது காற்று அவ்விறக்கையை அழுத்த, சக்கரங்கள் மண்ணைப் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் புகழ்பெற்ற கார்ப் பந்தய வீரர் கைல் லார்சன் சிறுவயதில் இவ்வண்டியிலேயே பயிற்சி பெற்றார்.

4. கிராஸ் கார்ட். சுவீடன், பிரான்சு, ஸ்பெயின் முதலிய ஐரோப்பிய நாடுகளில் ஓடுவது. நான்கு சக்கரங்களுக்கும் வில் அமைப்பு உண்டு. சரளையும் மண்ணும் கலந்த வளைவுத் தடங்களில் ஓடும்.

5. பாஹா வண்டி. நமக்கு மிக அருகியது இதுவே. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பொறியியல் மாணவர்களுக்கென்று தொடங்கிய போட்டி இது. இந்தியாவில் 2007-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அருகிலுள்ள பீதாம்பூர் இதன் களமாக விளங்கி வந்துள்ளது. எஞ்சின் வகையில் ஓடும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பத்துக் குதிரைச் சக்தி எஞ்சின்தான். நம் வயல்களில் உழும் பவர் டில்லரின் சக்தியும் ஏறத்தாழ இவ்வளவே. எஞ்சின் பொதுவாக இருப்பதால், வெற்றி தோல்வியை நிர்ணயிப்பது மாணவர்களின் வடிவமைப்புத் திறனே. நான்கு மணி நேரம் இடைவிடாது கரடுமுரடான தடத்தில் ஓடி நிலைப்பது இதன் முக்கியச் சோதனை.

களிமண் தடத்தின் நுட்பம்

களிமண் முட்டைத் தடத்தில் வண்டிகள் எப்போதும் இடப்புறமே திரும்பும். இதில் ஒரு நுட்பம் உண்டு. போரடிக்கும் களத்திற் பிணையல் மாடுகளைப் பார்த்திருக்கிறோம். உள்வட்டத்து மாடு மெல்ல நடக்க, வெளிவட்டத்து மாடு அதிக தூரம் நடந்து தீர வேண்டும். வண்டியின் இரு பின்சக்கரங்களுக்கும் இதே நிலைதான். ஆனால் ஒரே அச்சில் இறுகிய சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல முடியாது. ஆகவே வலப்புறச் சக்கரத்தைச் சற்றுப் பெரிதாகப் பொருத்துகின்றனர். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் செல்ல, வண்டி தானாகவே இடப்புறம் வளைகிறது.

தடத்தின் களிமண்ணும் வெறும் மண்ணன்று. நீர் தெளித்து உருளையால் அழுத்திப் பதம் பார்த்து வைக்க வேண்டும். காய்ந்தால் தூசி எழும்பி ஓட்டுபவரின் கண்ணை மறைக்கும். சேறானால் வண்டி வழுக்கும்.

கூண்டும் கச்சும்

கூண்டு இருப்பதாலேயே வண்டி பத்திரமானது என்று எண்ணுவது பெருந்தவறு. கூண்டுள்ள வண்டியில் ஓட்டுபவர் இருக்கையோடு இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாவிடில், கவிழும்போது அவர் பாதி வெளியே வந்து அந்தக் கூண்டின் அடியிலேயே நசுங்குவார். திறந்த வண்டிக்குக் கச்சு ஆகாது. கூண்டு வண்டிக்குக் கச்சின்றி ஆகாது. இவ்விரண்டையும் மாற்றிக்கொள்வதே உயிருக்கு உலையாகிறது.

பாஹா விதிகள் இதற்கு நல்ல வழிகாட்டி. முக்கியக் குழாய்கள் இருபத்தைந்து மில்லிமீட்டர் விட்டமும் மூன்று மில்லிமீட்டர் கனமும் உடைய எஃகாகவோ, அதற்கு நிகரான வலிமை உடையனவாகவோ இருக்க வேண்டும். தலைக்கவசத்துக்கும் கூண்டுக்கும் இடையே ஆறு அங்குல இடைவெளி வேண்டும். தோள், இடுப்பு, தொடையிடை ஆகிய இடங்களைப் பிணைக்கும் கச்சு வேண்டும். எஞ்சினை நிறுத்தும் விசை, ஓட்டுபவரின் கைக்கெட்டும் இடத்தில் ஒன்றும் வெளியிலிருப்போர் தொடக்கூடிய இடத்தில் ஒன்றுமாக இரண்டு இருக்க வேண்டும்.

தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் ஜி.ஐ. பைப்பை வளைத்துக் கூண்டு செய்வது ஆபத்தானது. அது சுமை தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. துத்தநாகப் பூச்சின்மேல் வெல்டிங் செய்தால் இணைப்பு பலவீனமாகும். எழும் புகை, பற்றவைப்பவருக்குக் காய்ச்சலையும் உண்டாக்கும்.

சுழலும் அச்சும் சங்கிலியும் மூடப்பட்டிருத்தல் அவசியம். 2018-இல் அரியானாவிலும் 2020-இல் ஐதராபாத்திலும், பொழுதுபோக்கு இடங்களிற் கார்ட் ஓட்டச் சென்ற பெண்கள் தலைமுடி யந்திரத்திற் சிக்கி உயிரிழந்தனர். நீண்ட கூந்தல், துப்பட்டா, சேலைத் தலைப்பு, வேட்டி ஆகியவற்றோடு எவரையும் இவ்வண்டியில் ஏற்றலாகாது.

எங்கே ஓட்டலாம்?

சென்னையில் மோட்டார் பந்தயம் புதியதன்று. 1953-ஆம் ஆண்டிலே மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்டது. வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையிற் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைந்து, 1990-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அங்கேயே கார்ட் வண்டிகளுக்கென்று தனித் தடமும் ஏற்பட்டுள்ளது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில், கரிவர்தன் அவர்களின் பெயரால் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. இவை யாவும் தார்த் தடங்கள். ஆகவே திறந்த கார்ட்டுக்கும் பந்தயக் காருக்கும் பொருந்துவன. மண் தடத்துக்கென்று கட்டிய கூண்டு வண்டிக்குத் தனியே மண் தடம் வேண்டும்.

பொதுச் சாலை எக்காரணத்தாலும் பந்தயத்துக்கு உரியதன்று. பதிவு பெறாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதே 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு மாறானது. மாநில அரசின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பொது இடத்திற் பந்தயம் ஓட்டுவோரும், அதனை அனுமதிப்போரும் அச்சட்டத்தின் 189-ஆம் பிரிவின்கீழ்த் தண்டனைக்குரியவர். 'அனுமதிப்போரும்' என்ற சொல்லைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டுகிறோம். சென்னையில் 2024-ஆம் ஆண்டில் தீவுத்திடலைச் சுற்றி நடந்த பார்முலா பந்தயம், அரசின் ஏற்பாட்டோடு, சாலைகளை முற்றிலும் அடைத்து, தடுப்புச் சுவர் எழுப்பி நடத்தப்பட்டது. அதனை எடுத்துக்காட்டி ஊர்ச் சாலையைக் கேட்பது பொருந்தாது.

வறண்ட ஏரியும் ஆகாது. கோடையில் நீரில்லையெனினும் அது ஏரியே. சக்கரங்கள் மதகையும் வரத்துக்காலையும் சிதைத்தால், ஐப்பசி மழையில் அதன் பலனை அனுபவிப்பவர் ஆயக்கட்டு விவசாயிகளே. சிந்திய எண்ணெய் நீரிற் கலந்து கால்நடையின் வாய்க்குச் செல்லும். மேய்ச்சல் தரையும் அவ்வாறே ஊரின் பொதுவுடைமை.

எஞ்சியிருப்பது உரிமையாளரின் சம்மதம் பெற்ற, வேலியிட்ட தனி நிலமும், கல்லூரிகளின் சொந்த மைதானமும் ஆகும். அங்கும் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் நலம்: பார்வையாளர் நிற்குமிடம் தடத்தின் வளைவுக்கு வெளிப்புறத்தில் இல்லாமல், தடுப்புக்குப் பின்னே உள்ளதா? கிணறும் மின்கம்பமும் தடத்துக்கு எட்டத்தில் உள்ளனவா? தீயணைக்கும் கருவியும் ஆம்புலன்ஸும் தயாராக உண்டா? பள்ளி, மருத்துவ விடுதி, மாட்டுத் தொழுவம் ஆகியவற்றை இரைச்சல் எட்டுமா? சிறுவர் ஓட்டுவதாயின் பெற்றோர் உடனிருப்பரா?

விவசாயிகளுக்கு ஒரு பாடம்

பந்தய வண்டியால் விவசாயிக்கு என்ன பயன் என்று வாசகர் கேட்கலாம். பயன் உண்டு. கூண்டின் தத்துவம் டிராக்டருக்கும் உரியது. வரப்பிலேறும்போதும், ஏரிக்கரையில் திரும்பும்போதும், சேற்றிற் சிக்கி முன்புறம் தூக்கும்போதும் டிராக்டர் கவிழ்ந்து ஓட்டுபவர் அடியில் நசுங்குவது நாம் அறிந்த துயரம். சுவீடன் நாடு 1959-ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களில் உருள்காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பயனாகக் கவிழ்ந்து இறப்போர் தொகை அங்கே பெரிதும் குறைந்தது. நம் ஊர் டிராக்டர்களில் வெயிலுக்காக மெல்லிய குழாயில் அமைக்கும் பந்தல், நிழல் தருமேயன்றி உயிர் காக்காது. டிராக்டர் வாங்குவோர் உருள்காப்புச் சட்டமும் இருக்கைக் கச்சும் உள்ளனவா என்று கேட்டு வாங்குதல் வேண்டும். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். அங்கே அமர்ந்த பிள்ளையைக் கூண்டும் காக்காது, கச்சும் காக்காது.

வண்டியைத் தம் கையாற் கட்டும் இளைஞர்களை நாம் தடுக்க வேண்டியதில்லை. இரும்பை அளந்து வெட்டவும், பற்றவைக்கவும், எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் கற்றவர் ஊருக்குச் செல்வமாவார். நாளை அவரே நம் பம்புசெட்டையும் டிராக்டரையும் சீர்செய்வார். அவருக்கு 'இங்கே வேண்டாம்' என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், 'இன்ன இடத்தில், இன்ன பாதுகாப்போடு ஓட்டுக' என்று வழிகாட்டுதல் பஞ்சாயத்தின் கடமையாகும். கூண்டு உறுதியாகவும், கச்சு இறுக்கமாகவும், தடம் ஊரை விட்டு ஒதுங்கியும் இருக்குமாயின், வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டியவர் எழுந்து வீடு திரும்புவார்.