பழைய சைக்கிளுக்குக் கியர் சக்கரம் மாட்டலாமா?



மொபெட் வந்த பிறகும் ஏற்காட்டு மளிகைக் கடைக்காரர்கள் சைக்கிளை அடியோடு விட்டுவிடவில்லை. ஐந்து கிலோ அரிசியும் ஒரு பாக்கெட் எண்ணெயும் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பப் பெட்ரோல் போட்டால் லாபம் எங்கே மிஞ்சும்? ஆனால் சேலத்து வியாபாரிக்கு இல்லாத சங்கடம் நமக்கு உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் எங்கே போனாலும் ஏற்றம், இல்லையேல் இறக்கம். ஆகவே கடையில் நிற்கும் பழைய இரும்புச் சைக்கிளுக்குக் கியர் உள்ள பின் சக்கரம் மாட்டலாமா என்று நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். மாட்டலாம். ஆனால் அளவு பார்த்து மாட்ட வேண்டும்.

முதலில் அகலத்தைப் பாருங்கள். பின் அச்சு உட்காரும் இரண்டு காடிகளுக்கும் இடையே உள்புறமாக ஸ்கேல் வைத்து அளக்கவும். கியர் இல்லாத சைக்கிளில் சுமார் 110 மி.மீ. இருக்கும். பழைய 5 கியர் சக்கரத்துக்கு 120, 6 அல்லது 7 கியருக்கு 126, மலைச் சைக்கிள் சக்கரத்துக்கு 135 மி.மீ. வேண்டும்.

இரும்பைச் சூடாக்காமலே சிறிது வளைக்கலாம். வளைத்த இடத்தில் நிற்கும். அலுமினியம் விரிசல் விட்டுவிடும். அதைத் தொடவே கூடாது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் எது இரும்பு என்று தெரிந்துவிடும்.

எங்கள் கடைச் சைக்கிளுக்கு ஒரு பட்டறையில் அகலச் சக்கரத்தைத் திணித்து நட்டை முறுக்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் நாகலூர் சாலை இறக்கத்தில் பின் அச்சு ஒடிந்தது. சர்க்கரை மூட்டை போனது பெரிதில்லை. ஓட்டிய தம்பி கை எலும்போடு தப்பியது தெய்வச் செயல். காடிகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் கோணி நின்றதுதான் காரணம்.

முறையாகச் செய்வது இப்படி:

1. 110-ஐ 120 ஆக்க ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. விரிய வேண்டும். ஒரே பக்கம் 10 விரிந்தால் சக்கரம் நடுவில் ஓடாது.

2. நீண்ட மரச்சட்டத்தை நெம்புகோலாக வைத்து ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் விரிக்க வேண்டும். கையை எடுத்ததும் இரும்பு கொஞ்சம் திரும்பி வரும். ஆகவே சிறிது சிறிதாக நெம்பி, ஒவ்வொரு முறையும் அளக்கவும். கேஸ் வைத்துக் காய்ச்ச விடாதீர்கள். குழாய்களின் பற்று இளகிவிடும்.

3. ஒரு காடியில் நூலைக் கட்டி, ஹேண்டில்பார் செருகும் முன் குழாயைச் சுற்றி, மறு காடிக்கு இழுத்துக் கட்டவும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இருபுறமும் சமமாக இருந்தால் சரி.

4. கடைசியாகக் காடிகள் இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக நிமிர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியை வாங்காதீர்கள்.

110-லிருந்து 135 வரை, அதாவது 25 மி.மீ. விரிப்பதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். சுமை ஏற்றும் வண்டியில் பற்று விட்டுப்போக வாய்ப்பு உண்டு.

அடுத்தது பிரேக். 28×1½ ரிம்மின் விட்டம் 635 மி.மீ., மலைச் சைக்கிளின் 26 அங்குல ரிம்முக்கு 559. மாற்றினால் ரிம் 38 மி.மீ. உள்ளே போய்விடும், பழைய பிரேக் கட்டை எட்டவே எட்டாது. '26' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். 26×1⅜ என்பது 590 மி.மீ.; இரண்டும் வெவ்வேறு. டயரில் அச்சிட்ட மூன்றிலக்க எண்ணைப் பார்த்து வாங்கவும். இறக்கத்தில் பிரேக் இல்லாத வண்டிக்குக் கியர் இருந்து என்ன பயன்?

இத்தனை செலவு வேண்டாம் என்போருக்கு ஒரு எளிய வழி உண்டு. பின்னால் உள்ள 18 பல் ஃப்ரீவீலை எடுத்துவிட்டு 22 பல் மாட்டுங்கள். செயினில் ஓரிரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும். மிதிக்கும் பாரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். சமதரையில் வேகம் குறையும். ஆனால் நம் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது? பின்கால்களை விரிக்கவும் வேண்டாம், பிரேக்கை மாற்றவும் வேண்டாம்.

எந்த வழியானாலும், மாற்றிய வண்டியை முதலில் வெறுமையாக ஓட்டிப் பார்த்து, நட்டுகளை மறுபடி இறுக்கிய பிறகே சரக்கு ஏற்றுங்கள். சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். ஓட்டுகிற ஆள் நமக்கு முக்கியம்.