காணி வழக்குக்கும் காலக்கெடு உண்டு

சகோதரிகளே! விடத்தல்தீவில் உங்கள் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ இருந்த காணியின் உறுதி இப்போது யாரிடம் இருக்கிறது? அந்தக் காணியில் யார் இருக்கிறார்கள்? எப்போதிருந்து இருக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாவிட்டால், இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். விடத்தல்தீவு மக்களும் வீடு வாசலை விட்டுவிட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். போர் முடிந்தது 2009 மே மாதத்தில்தான்.

நம் நாட்டில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் பிறருடைய தனியார் காணியை, அனுமதியும் வாடகையும் இல்லாமல், தன்னுடையதைப் போல 10 ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டு வந்தால், அது தனக்கே உரியது என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். அப்படியானால், ஊருக்கே போக முடியாதவர்கள் எப்படி வழக்குப் போடுவது?

இந்த அநியாயத்தை நீக்கவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயலால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு அது வழி திறந்தது. ஆனால் 2 ஆண்டுகளுக்கு மட்டுமே! 2018 ஏப்ரலோடு அந்த வாசல் மூடிவிட்டது. பெண்களில் எத்தனை பேரின் காதுக்கு அந்தச் செய்தி எட்டியது?

அதற்காக எல்லாம் போய்விட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். காணி வெறுமனே கிடந்ததால் உரிமை போகாது. இன்னொருவர் அதைப் பிடித்து ஆள வேண்டும். உங்கள் சம்மதத்தோடு இருப்பவருக்கும் இந்த உரிமை வராது. அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரச காணிக்கு எதிராக இந்தச் சட்டம் செல்லாது. பேமிட் காணி என்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

“நாநா இருக்கிறார், பார்த்துக்கொள்வார்” என்று இருக்கும் சகோதரிகளும் கேளுங்கள். முதுசக் காணியில் ஒரு பங்காளி இருந்தால், எல்லாப் பங்காளிகளுக்காகவும் இருக்கிறார் என்றே நீதிமன்றம் முதலில் கருதும். ஆனால் அவர் உங்கள் பங்கை வெளிப்படையாக மறுத்துவிட்டால், அன்றிலிருந்து காலம் ஓடத் தொடங்கும். அதன் பிறகும் வாய்மூடி இருந்தால், மார்க்கம் தந்த பங்கையும் இழக்க நேரலாம்.

கொடுத்த கடனுக்கும் கெடு உண்டு. எழுத்து மூலம் என்றால் 6 ஆண்டுகள், வாய்ப்பேச்சு என்றால் 3 ஆண்டுகள். கடைக் கடனுக்கும் கூலிக்கும் ஒரே ஆண்டுதான்.

இன்றைக்கே பெட்டியைத் திறந்து உறுதியை எடுங்கள். தொலைந்திருந்தால், உறுதி இலக்கத்தைத் தேடிப் பிடித்து, மன்னார் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். காணியில் யாராவது இருந்தால், வந்த ஆண்டை விசாரித்து எழுதி வையுங்கள். கிராம சேவகரிடம் முறையிட்டால் மட்டும் காலம் நிற்காது. வழக்குத்தான் அதை நிறுத்தும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையா? சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

துரத்தப்பட்டது நம் குற்றமல்ல. ஆனால் இனியும் தாமதித்தால், அதற்கு நாம்தான் பொறுப்பு.