ராமேஸ்வரம் போகிறீர்களா? குழந்தைகள் பத்திரம்!

லீவு விட்டால் போதும், எங்கள் அம்பத்தூர்ப் பக்கத்தில் "ராமேஸ்வரம் போய் வரலாமா?" என்று பேச்சு எழுந்துவிடும். போங்கள் சகோதரிகளே; ஆனால் அந்தத் தீவில் கடல் இரண்டு விதம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

கோயிலுக்கு எதிரே அக்னி தீர்த்தம் பெரும்பாலும் குளம் மாதிரி அமைதியாக இருக்கும். அங்கே குளித்த பிள்ளைகள் அரிச்சல்முனையிலும் "அம்மா, இறங்கட்டுமா?" என்று ஓடும். கையை விடாதீர்கள்! வங்காள விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் சேரும் இடம் அது. நீரோட்டம் ஆளையே இழுத்துவிடும். முழங்கால் தண்ணீர்தானே என்று நிற்கும்போதே காலடி மணல் அரித்துப் போகும். பேரிலேயே அரிப்பு இருக்கிறது, பாருங்களேன்! பக்கத்துத் தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு கொண்டுபோன கடல் அல்லவா? ஐப்பசி, கார்த்திகையில் போவதானால் வானிலைச் செய்தி கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

கோயிலில் 22 தீர்த்தம் ஆடும்போது தரை எங்கும் ஈரம், வழுக்கும். மாமியாரை ஒரு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நகை வீட்டோடு இருக்கட்டும். போன் நெம்பர் எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழந்தையின் சட்டைக்குள் ஊக்கால் குத்திவிடுங்கள், நனையாது. கூட்டத்தில் பிள்ளையைக் காணோம் என்றால் 1098, வேறு ஆபத்து என்றால் 112.