உங்களுக்குத் தெரியுமா? இருக்கையும் படிக்கட்டும்

நெடுநேரம் உட்கார்ந்தே செய்யும் வேலைக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிவரத்தோடு எடுத்துக்காட்டிய முன்னோடி ஆய்வு, லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துப் பணியாளர்களிடையே நடந்ததாகும். பிரிட்டன் மருத்துவர் ஜெர்ரி மாரிஸும் அவருடைய குழுவினரும் 1953ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட அந்த ஆய்வு, ஒரே வண்டியில் பணியாற்றிய ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டது. ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழிக்க, நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக மாடித்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்குமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்கள் குறுகுவதால் உண்டாகும் இதயத் தமனி நோய், நடத்துநர்களிடம் குறைவாகவும், தோன்றியபோதும் கடுமை தணிந்ததாகவும் காணப்பட்டது.

இதோடு நின்றுவிடாமல், சீருடைக் கால்சட்டைகளின் அளவுப் பதிவேடுகளை ஆராய்ந்து, இளம் வயதிலேயே ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு மிகுந்திருந்ததை 1956இல் அதே குழுவினர் வெளியிட்டனர். வேலைதான் முழுக் காரணமா, வேலையில் சேர்ந்தவர்களின் உடல்வாகுக்கும் அதில் பங்குண்டா என்ற ஐயத்தைத் தாமே எழுப்பிய அந்த நேர்மை பெரிதும் போற்றத்தக்கது.

அசையாது அமர்ந்திருக்கையில், சுருங்கி விரிந்து சிரைக்குருதியை மேலேற்றும் கெண்டைக்கால் தசைகள் ஓய்ந்துவிடுவதால் கால்களில் குருதி தேங்குகிறது. பெருந்தசைகள் குருதியிலிருந்து சர்க்கரையை ஈர்ப்பதும் குறைகிறது. நீண்ட விமானப் பயணங்களில் சிலருக்குக் காலின் ஆழ்சிரைகளில் குருதி உறைந்து, அக்கட்டி நுரையீரல் வரை சென்று அடைப்பதற்கும் இத்தேக்கமே முதன்மையான காரணமாகும்.