இளந்தாய்க்கு ஆதரவாக இருப்போம்

"பிள்ளை அழுகுது, உனக்குப் பால் காணாது." குழந்தை பிறந்த வீட்டில் பெரியவர்கள் அன்போடுதான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் இளந்தாய்மார் பலர் மனந்தளர்ந்து பால்மாவுக்குப் போவதற்கு இந்தச் சொல்லே தொடக்கமாகிறது. ஊரைவிட்டு வந்து கொட்டிலில் வாழும் குடும்பத்துக்கு இது ஆபத்தானது. பால்மா கரைக்கச் சுத்தமான நீரும், போத்தலை அவிக்க விறகும் வேண்டும். இவை கிடையாத இடத்தில் வயிற்றோட்டம் குழந்தையின் உயிரையே பறித்துவிடலாம்.

பால் எவ்வாறு சுரக்கிறது?

பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். இறைக்கிற கிணறே ஊறும் என்பது தோட்டம் செய்த உங்களுக்குத் தெரியும். பால்மா கொடுக்கும் நேரத்தில் பிள்ளை மார்பில் உறிஞ்சுவதில்லை. அதனால் பாலும் குறைகிறது.

"ஓடிவந்த பயத்தில் பால் வற்றிப்போச்சு" என்று சொல்லும் தாய்மார் உண்டு. பயமும் நோவும் களைப்பும் பால் இறங்குவதைச் சற்று நேரம் தடுக்கும். ஆனால் அதனால் பால் அற்றுப்போவதில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, ஆறுதலாக இருந்து மீண்டும் மீண்டும் கொடுத்தால் பால் இறங்கும். ஆகவே தாயின் மன அமைதியைக் காப்பது வீட்டாரின் பொறுப்பாகும்.

வீட்டார் செய்யக்கூடியவை

1. பிறந்து 1 மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க உதவுங்கள். முதலில் வரும் மஞ்சள் நிறக் கடும்புப்பால் நோயைத் தடுக்கும், அதை வீசவேண்டாம். முதல் நாளில் ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிப் பாலே பிள்ளைக்குப் போதும். சீனித்தண்ணீர், தேன் கொடுக்கவேண்டாம்.

2. இரவும் பகலுமாக 8 முதல் 12 தடவை வரை கொடுக்கவேண்டும். அதற்காகச் சேலையால் ஒரு மறைப்புக் கட்டிக்கொடுங்கள். தண்ணீர் அள்ளுவதையும் விறகு பொறுக்குவதையும் கணவர் ஏற்கட்டும்.

3. முலைக்காம்பு நொந்தால் தாயைக் கடிந்துகொள்ளாமல், பிள்ளையைப் பிடிக்கும் முறையைப் பாருங்கள். பிள்ளையின் வயிறு தாயின் உடலோடு அணைந்திருக்கவேண்டும். காம்பை மட்டுமன்றி, சுற்றியுள்ள கரிய பகுதியையும் வாயை அகலத் திறந்து பிள்ளை கவ்வவேண்டும்.

4. "பால் காணுமோ?" என்று கேட்பதை விட்டு, "சாப்பிட்டியா பிள்ளை?" என்று கேளுங்கள். சோறு, பருப்பு, முருங்கை இலை, மீன் எனக் கிடைப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். சரக்குக் கறியும் பால்சுறாவும் கிடைக்காவிட்டாலும் பால் சுரக்கும். மெலிந்த தாயாலும் பிள்ளைக்குப் போதிய பால் கொடுக்க முடியும்.

பால் போதுமா என்று அறிவது எப்படி?

அழுகையை மட்டும் வைத்து முடிவு செய்யவேண்டாம். 5ஆம் நாளுக்குப் பின் பிள்ளை ஒரு நாளில் 6 தடவையாவது சலம் கழித்து, 2 கிழமையளவில் பிறந்த நிறைக்குத் திரும்பினால் பால் போதும். சலம் குறைந்தாலோ, பிள்ளை உறிஞ்சாமல் சோர்ந்து தூங்கினாலோ, தாயின் மார்பு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ தாமதியாமல் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலைக்கோ செல்லுங்கள்.

முன்னர் 4 மாதத்திலேயே வேறு உணவு தொடங்கிய தாய்மார் பலர். 2001 முதல் உலக சுகாதார நிறுவனம் 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது. அதன்பின் மற்றைய உணவுகளோடு 2 வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

முயன்றும் பால் போதாத தாய்மார் சிலர் உண்டு. அவர்களைக் குறைகூறவேண்டாம். வைத்திய ஆலோசனைப்படி பால்மா கொடுக்க நேர்ந்தால், போத்தலை விடுத்துச் சிறு கோப்பையால் பருக்குங்கள். கோப்பையைக் கழுவிச் சுத்தமாக வைத்திருப்பது இலகு.