நெடுவழி ஊர்தியும் பாம்பன் காற்றும்

மோட்டார் சைக்கிள் என்றவுடன் நம்மிற் பலர்க்கு நினைவில் எழுவது விரைவே. ஆயின் நெடுந்தொலைவு செல்லுதற்கென்றே அமைக்கப்பெற்ற ஊர்திக்கு விரைவினும் இன்றியமையாத பண்பு ஒன்றுண்டு, அதுவே நிலைபெயராமை. சென்ற ஆடித் திங்களில் என் தமையனார், தம் பல்லாண்டுச் சேமிப்பைக் கொண்டு மதுரையில் அத்தகைய ஊர்தி ஒன்றை வாங்கினார். அவர் செலுத்த, யான் பின்னமர்ந்து எம்மூராகிய அக்காள்மடம் வந்து சேர்ந்த பயணத்தில் அறிந்தவற்றை ஈண்டு விளக்குவேன்.

அவ்வூர்தி இராயல் என்பீல்டு நிறுவனத்தாரின் ‘இமாலயன்’ வகையைச் சார்ந்தது. இங்கிலாந்திற் பிறந்த அப்பெயர், 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா தோன்றியது முதல் நம் நாட்டில் வேரூன்றியது. 2023-இல் வெளிவந்த இவ்வகையின் பொறி ஒற்றை உருளையுடையது. கொள்ளளவு 452 கன சென்டிமீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறன். பெட்ரோல் கலம் 17 லிட்டர் கொள்ளும். வண்டியின் எடை 196 கிலோகிராம்.

மதுரையினின்று மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக எம்மூர் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். முன்னர்ச் சிறு வண்டியில் இவ்வழி வந்தால் பரமக்குடிக்குள் முதுகு நோகும். இதன்கண் நிமிர்ந்து அமரலாம், கைப்பிடி அகன்றது, 21 அங்குல முன்சக்கரம் பள்ளங்களை எளிதிற் கடந்தது. ஆகவே களைப்பு மிகுதியாக இல்லை. எனினும் தமையனார் ஓரிடத்தும் விரைந்திலர். புதுப்பொறியில் பிஸ்டன் வளையங்களும் உருளையின் உட்சுவரும் ஒன்றோடொன்று உராய்ந்து படிதல் வேண்டும். அதற்குள் மிகுவிரைவு தரின் சூடு மிகும். ஒரே விரைவில் நெடுநேரம் ஓட்டினும் அப்படிவு செவ்வனே நிகழாது. ஆதலின் முதற் பராமரிப்பு முடியுங்காறும் விரைவை மட்டுப்படுத்தியும் மாற்றியும் ஓட்டுதலே முறை.

மண்டபத்தைக் கடந்ததும் உண்மையான தேர்வு தொடங்கியது. 1988-இல் திறக்கப்பெற்ற இந்திரா காந்தி சாலைப்பாலம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளமுடையது. அடியிற் கலங்கள் செல்லுமாறு நடுவே உயர்ந்தது. கிழக்கு நோக்கிச் செல்வார்க்குத் தெற்குக் காற்று வலப்புறத்தே மோதி, வண்டியை இடப்பக்கக் கைப்பிடிச்சுவரை நோக்கித் தள்ளும். காற்றின் விரைவு இருமடங்காயின் அதன் விசை நான்மடங்காகும். அதனை எதிர்க்க வண்டி காற்று வரும் பக்கமே சிறிது சாய்ந்து செல்லல் வேண்டும். வலக் கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளின் வண்டி வலப்புறஞ் சாயும். கைகளை இறுகப் பற்றினால் ஒவ்வொரு வீச்சும் திசையைக் குலைக்கும்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. எதிரே பேருந்து வருங்கால், அது காற்றை ஒருகணம் மறைக்கும். வலப்புறஞ் சாய்ந்து வரும் வண்டி தடையின்றி அப்பேருந்தின் பக்கமே சாயத் தலைப்படும். அது கடந்தவுடன் காற்று மீண்டும் அறையும். ஆதலின் விரைவைக் குறைத்து, இருபுறமும் இடம் விட்டுச் செல்லுதல் உயிர் காக்கும் செயலாகும். வண்டியின் எடை ஈண்டுத் துணையாயிற்று. ஆனால் பக்கங்களில் அகன்ற பெட்டிகளைக் கட்டின் காற்றுக்குப் பாய் விரித்தது போலாகும். யாங்கள் சுமையைத் தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் கட்டியிருந்தோம்.

அருகே 1914-இல் திறக்கப்பெற்ற பழைய இருப்புப்பாதைப் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைக் கடப்பின் இரயிலை நிறுத்தும் ஏற்பாடு இருந்தது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியில் இரயிலையே விழுங்கியதை அறிந்தார்க்கு அதன் தேவை விளங்கும். இரும்புத் தொடருக்கே அத்துணைக் காவல் வேண்டின், இரு சக்கரத்திற் செல்வானுக்கு எத்துணை வேண்டும்! அவனுக்குக் கைகாட்டி மரமில்லை; தன் அறிவே கைகாட்டி.

ஊரெல்லையில் மணற்றெரு. அங்குப் பேரெடை சுமையாயிற்று. யான் இறங்கி நடக்க, தமையனார் முதற் பல்லிணையில் மெல்லச் செலுத்தினார். அன்று மாலையே வண்டியை நன்னீராற் கழுவி, சங்கிலிக்கு எண்ணெயிட்டோம். உப்புக்காற்றின் ஈரம் இரும்பில் துருவை விரைந்து வளர்க்கும். ஆதலின் எம்மூரில் இஃது வாரந்தோறும் செய்யற்பாலது.

எம் அன்னையார் படகுக் குடியிற் பிறந்தவர். வண்டியைச் சுற்றிப் பார்த்தபின், “தம்பி, கடலுக்குப் போகிறவன் காற்றைப் பார்த்துத்தான் படகை இறக்குவான், நீங்களும் காற்றைப் பார்த்துப் பாலம் ஏறுங்கள்” என்றார். காற்று மிக்க நாளில் மண்டபத்திலேயே தங்கிவிடுவதாகத் தமையனார் வாக்களித்தார். நெடுவழி ஊர்தியைச் செலுத்துவார்க்குக் குதிரைத்திறன் நாற்பதினும் நின்று காத்திருக்கும் பொறுமையே பெருந்திறன் என்க.